தொடையெலும்புக்கு ஆணி கண்ட குன்ட்ஷர்

பனையினின்று வீழ்ந்து தொடையெலும்பு முறிந்தவர், காலிற் பாரங்கட்டி மாதக்கணக்கிற் படுக்கையிற் கிடந்த காலம் ஒன்றுண்டு. நம் புதுக்கோட்டைச் சீமைக்கும் அது புதிதன்று. அத்துயரைப் பெரிதுங் குறைத்தவர் ஜெர்மானிய இரண வைத்தியராகிய கெர்ஹார்ட் குன்ட்ஷர்.

இவர் 1900-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் ஸ்விக்காவ் நகரிற் பிறந்தார். பின்னர்க் கீல் நகரத்துச் சர்வகலாசாலை ஆஸ்பத்திரியில் அமர்ந்து, எலும்பு பாரந் தாங்கும் விதத்தை ஆராய்ந்தார். தொடையெலும்பின் கழுத்து முறிந்தால் ஆணியிட்டு இணைக்கும் முறை அந்நாளிலேயே வழங்கிற்று. நீண்ட தண்டுப் பகுதிக்கோ, மஜ்ஜை தங்கும் உட்குழலே ஆணிக்கு வழியாகுமென இவர் கண்டார். ஏர்ன்ஸ்ட் போல் என்னும் தொழில் வல்லுநர் இவருக்கு எஃகாணி சமைத்துக் கொடுத்தார்.

அவ்வாணியின் நுட்பத்தைப் பௌதிகம் பயிலும் நம் மாணவர் கருதுதல் வேண்டும். அதன் குறுக்குவெட்டு விரித்த இரு விரல் போன்றது. இடுப்பின் அருகே எலும்பின் மேல்முனையிற் செலுத்துங்கால் அது குழலுள் நெருங்கி ஒடுங்கும். ஒடுங்கியது விரிய முயன்று சுவரை இறுகப் பற்றும். எலும்பின் நடுவே நிற்பதால் வளைக்கும் விசையை நன்கு தாங்கும். முறிந்த இடத்தைத் திறவாமையால் எலும்பு கூடுதற்கும் ஊறில்லை.

1939 நவம்பரில் முதல் சிகிச்சை நிகழ்ந்தது. 1940-இல் பெர்லின் மாநாட்டில் அதனை விளக்கியபோது, மஜ்ஜை அழியுமென மூத்தோர் பலர் எதிர்த்தனர். யுத்தத்தில் இவர் பின்லாந்திற் பணிபுரிய, அங்குள்ள வைத்தியரும் இதனைக் கற்றனர். தொடையில் ஆணியுடன் தாயகம் மீண்ட அமெரிக்கக் கைதிகளைக் கண்டு அந்நாட்டு வைத்தியர் வியந்தனர். இவர் நாஜிக் கட்சியிற் சேர்ந்திருந்தவர். புகழ் கூறுமிடத்து இதனை மறைத்தல் தகாதென்பது எம் கருத்து.

எனினும் ஆணிக்கு ஒரு குறையுண்டு. குழலின் குறுகிய நடுப்பகுதியில் மட்டுமே அது இறுகப் பற்றும். எலும்பு நொறுங்கினும், முறிவு அகன்ற முனையருகே நேரினும், கால் திருகும், குறுகவுஞ் செய்யும். ஆகவே இவர் குழலைக் குடைந்து பருத்த ஆணியிடலானார். உருண்டைக் கம்பியாயின் 10 மில்லிமீட்டர் விட்டத்தை 12 ஆக்கிய அளவிலே, வளையாது நிற்கும் வலி ஏறக்குறைய இருமடங்காம். அதுவும் திருகுதலை முற்றும் தடுக்கவில்லை. 1957 முதல் ஹாம்பர்க் துறைமுக ஆஸ்பத்திரியின் தலைவராயிருந்து ஓய்வுபெற்ற பின்னரும் இவர் அதனை விட்டாரில்லை. 1968-இல் ஆணியை எலும்போடு குறுக்கே பூட்டும் வழியொன்றை வெளியிட்டார். கிளெம், ஷெல்மன் என்னும் இருவர் அதனைத் திருத்தி 1972-இல் வெளியிட்டனர். இன்று தொடையெலும்பினுள் இடப்படும் ஆணிகள் பெரும்பாலும் மேலுங்கீழும் திருகாணி பூண்டவை. அவ்வாண்டு டிசம்பர் 17-ஆம் நாள் குன்ட்ஷர் கிளுக்ஸ்பர்க் நகரிற் காலமானார்.