இரப்பரைப் பண்படுத்திய பெருமகன்

ஒரு பொருளின் மேற்புறம் செம்மையுற்றிருத்தல் கொண்டு அதன் உட்புறமும் அவ்வாறே இருக்குமெனத் துணிதல் பொருந்தாது. இவ்வுண்மையைப் பெருந்துன்பத்தினூடே கண்டறிந்தவர் சார்லஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர்.

இவர் 1800-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 29-ஆம் நாள் நியூ ஹேவன் நகரிற் பிறந்தார். தந்தையாருடன் நடத்திய இரும்புச் சாமான் வாணிகம் 1830-இல் நொடித்துப் போகவே, கடனுக்காகச் சிறை புகுந்தார்.

அக்காலத்து இரப்பர்ப் பொருள்கள் கோடையிற் பிசினென உருகும். குளிர்காலத்தில் விறைத்து வெடிக்கும். இக்குறையைப் போக்க 1834 முதல் முயன்ற குட்இயர், மக்னீசியா, சுண்ணாம்பு முதலியவற்றை இரப்பரோடு கலந்து பார்த்தார். பின்னர், நைட்ரிக் அமிலம் இரப்பரின் பிசுபிசுப்பை நீக்குதல் கண்டு மகிழ்ந்து, 1837-இல் அம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். அரசாங்கமும் 150 அஞ்சற் பைகள் செய்து தருமாறு பணித்தது. பைகள் அழகுற அமைந்தன. ஆனால், வெப்பமான அறையிற் கிடந்த அளவில் அவை உருகிச் சிதைந்தன. கைப்பிடிகள் கழன்று வீழ்ந்தன. அமிலம் மேற்பரப்பை மட்டுமே திருத்தியிருந்தது. உட்பகுதியோ பழைய பிசினாகவே இருந்தது!

குடும்பம் மீண்டும் வறுமையில் ஆழ்ந்தது. தம் மக்களின் பள்ளி நூல்களையும் விற்கும் நிலை அவருக்கு நேர்ந்தது. எனினும் அவர் உள்ளம் தளர்ந்திலர். நத்தானியேல் ஹேவார்ட் என்பாரிடம் கந்தகத்தின் பயனை அறிந்து ஆராய்ந்தார். 1839-இல், கந்தகம் கலந்த இரப்பர் தற்செயலாகச் சூடான அடுப்பின்மேற் பட, அஃது உருகாமல் தோல் போலக் கருகியது. வெப்பத்தை அளவோடு செலுத்தினால் இரப்பர் முழுவதும் பண்படும் என்று அவர் உய்த்துணர்ந்தார். அதன்பின், அழுத்தமிக்க நீராவியில் நான்கு முதல் ஆறு மணி நேரம் வைத்தலே சீரான பயன் தருவதெனக் கண்டார். 1844-இல் இம்முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. இதனை வல்கனைசேஷன் என வழங்குவர்.

இதன் காரணத்தைப் பிற்கால அறிவியலார் விளக்கினர். இரப்பர் நீண்ட இழைபோன்ற மூலக்கூறுகளால் ஆயது. கந்தகம் அவ்விழைகளை இடையிடையே பிணைத்து வலையாக்குகிறது. மீன்வலையில் முடிச்சுகள் ஓரிடத்தில் நெருங்கியும் மற்றோரிடத்தில் அருகியும் இருப்பின் யாதாகும்? இழுக்குங்கால் நெருங்கிய முடிச்சுகளிடைப்பட்ட குற்றிழைகள் முதலில் விறைத்து அறும்; முடிச்சு அருகிய பகுதி தளரும். இரப்பர் வலையின் இயல்பும் அத்தகையதே. கந்தகமும் வெப்பமும் எங்கும் ஒப்பப் பரவினாலன்றி வலை சீர்ப்படாது. இன்றும் இவ்வேறுபாட்டைக் குறைக்கலாமேயன்றி அறவே ஒழித்தல் அரிது.

காப்புரிமை வழக்கில் 1852-இல் குட்இயர் வென்றார். ஆயினும் செல்வம் அவரிடம் தங்கவில்லை. சாகுந்தறுவாயிலிருந்த மகளைக் காணச் சென்ற அவர், 1860-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நியூயார்க்கில் உயிர் நீத்தார். அன்று அவர்தம் கடன் ஏறத்தாழ இரண்டு இலட்சம் டாலர். அவர் பெயர் தாங்கி 1898-இல் எழுந்த டயர்த் தொழிற்சாலைக்கும் அவர் குடும்பத்திற்கும் தொடர்பில்லை. ஆனால், சாலையில் உருளும் டயர்கள் எல்லாம் அவர் காட்டிய வழியில் உருவானவையே.

மேற்பூச்சான திருத்தம் வெயில் வரும்வரையே நிற்கும். அகமும் புறமும் ஒருங்கே பண்பட்டதே நிலைக்கும். இரப்பர்க்கன்றி, மாந்தர் கல்விக்கும் இது பொருந்துமன்றோ?