கொடியை இறக்கிய மண்ணின் மைந்தர்

சிவப்புத் துணியின் குறுக்கே நீலநிறப் பெருக்கல் குறி. அதன்மேல் 13 வெண்ணிற விண்மீன்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இந்தக் கொடியைப்போல் மக்களைப் பிரித்துவைத்த சின்னங்கள் அரிது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில், ஒன்றியத்திலிருந்து பிரிந்துசென்ற தென் மாநிலக் கூட்டமைப்பின் படைகள் ஏந்திய போர்க்கொடி அது. முன்னோரின் வீரத்துக்கும் தென்னாட்டு மரபுக்கும் அது அடையாளம் என்பர் ஒரு சாரார். மனிதரை விலைபொருளாக்கிய அடிமை முறையின் எச்சம் என்பர் மறு சாரார்.

இவ்வாதத்தில் ஒரு தரப்பை ஏளனம் செய்து ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை. கொடியைப் போற்றுவோரில் பலர், ஓர் அடிமையைக்கூட வைத்திராத ஏழை உழவர்களின் வழித்தோன்றல்கள். போர்க்களத்திலிருந்து வீடு திரும்பாத கொள்ளுத்தாத்தாவை நினைந்துருகுவது குற்றமாகாது. ஆயினும், தென்னாட்டு மரபு என்னும் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அம்மரபு எவருடையது என்ற கேள்வியும் எனக்குள் எழுகிறது. அதற்கு விடையாக ஒரு மனிதரின் வாழ்க்கையையே முன்வைக்கலாம் எனக் கருதுகிறேன். அவர் பெயர் ராபர்ட் ஸ்மால்ஸ்.

தெற்குக் கரோலினா மாநிலத்தின் கடலோர ஊரான போஃபர்ட்டில், 1839 ஏப்ரல் 5 அன்று, ஹென்றி மெக்கீ என்பவருடைய மாளிகையின் பின்புறக் குடிசையில் அவர் பிறந்தார். தாய் லிடியா அவ்வீட்டின் அடிமைப் பணிப்பெண். தாய் அடிமையாயின் பிள்ளையும் அடிமை என்பது அக்காலச் சட்டம். ஆகவே, பிறந்த கணத்திலேயே ராபர்ட் மெக்கீயின் உடைமையானார்.

12 வயதில் அவரைச் சார்ல்ஸ்டன் நகருக்கு அனுப்பிக் கூலிவேலையில் அமர்த்தினர். உணவு விடுதியில் பணி, தெருவிளக்கு ஏற்றும் வேலை, பின்னர் துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்குதல், பாய் தைத்தல் என அவர் உழைப்பு நீண்டது. ஈட்டிய கூலியில் வாரத்துக்கு 1 டாலர் மட்டுமே அவருக்கு, எஞ்சியதெல்லாம் உரிமையாளருக்கு. கப்பலின் சுக்கானைப் பிடித்துத் துறைமுகத்தின் ஆழமும் மேடும் அறிந்து செலுத்தும் திறனை இளமையிலேயே பெற்றுவிட்டார். எனினும், கப்பலோட்டி என்ற பட்டத்தை அடிமைக்கு அளிக்க எவரும் உடன்படவில்லை.

1856-இல் விடுதிப் பணிப்பெண்ணான ஹன்னாவை மணந்தார். அவரும் வேறோர் உரிமையாளரின் அடிமையே. மனைவியும் மகளும் எந்நாளும் விற்கப்படலாம் என்ற அச்சத்தில், அவர்களை விலைகொடுத்து மீட்க முயன்றார் ஸ்மால்ஸ். கேட்கப்பட்ட விலை 800 டாலர். அவர் கையில் இருந்ததோ ஏறத்தாழ 100 டாலர். சொந்த மனைவியையும் குழந்தையையும் வாங்குவதற்குப் பணம் சேர்த்த ஒரு தகப்பனின் நிலையை எண்ணிப் பார்த்த பின்னரே அக்காலத்தின் மரபைப் பற்றி நாம் பேசத் தொடங்க வேண்டும்.

1860 டிசம்பரில் ஒன்றியத்திலிருந்து முதலில் பிரிந்த மாநிலம் தெற்குக் கரோலினாதான். பிரிவினைக்கான காரணங்களை விளக்கி அம்மாநிலம் வெளியிட்ட அறிக்கை, அடிமை முறைக்கு வட மாநிலங்கள் விளைவித்த இடையூறுகளையே மையமாகக் கொண்டிருந்தது. அவ்வாண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கு வாழ்ந்த 7 லட்சத்துக்கும் மேற்பட்டோரில் 4 லட்சத்துக்கும் அதிகமானோர் அடிமைகள். மாநிலத்தின் பெயரால் பிரிவினையை அறிவித்தவர்கள், அம்மாநிலத்தின் பெரும்பான்மை மக்களிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. இந்தக் கணக்கு, மரபு பற்றிய வாதத்தில் மிகக் குறைவாகவே நினைவுகூரப்படுகிறது.

போர் மூண்டபின், பருத்தி ஏற்றிவந்த பிளான்டர் என்னும் நீராவிக் கப்பலைக் கூட்டமைப்புப் படை தன் பணிக்கு எடுத்துக்கொண்டது. அதன் சுக்கானைப் பிடித்தவர் ஸ்மால்ஸ். 1862 மே 12 இரவு, கப்பலின் மூன்று வெள்ளை அதிகாரிகளும் விதியை மீறிக் கரையில் தங்கச் சென்றனர். மே 13 விடியுமுன், ஏறத்தாழ 3 மணிக்கு, அடிமைகளான சக பணியாளர்களுடன் ஸ்மால்ஸ் கப்பலைக் கிளப்பினார். வேறொரு படகுத்துறையில் காத்திருந்த பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டார். பிடிபட நேர்ந்தால் கப்பலை அழித்து உயிர்விடுவதென அவர்கள் முன்பே உறுதிபூண்டிருந்தனர்.

தலைவரின் வைக்கோல் தொப்பியை அணிந்து, அவரைப் போலவே நின்று, உரிய ஊதல் ஒலிக் குறிகளை எழுப்பி, கோட்டைகளை ஒவ்வொன்றாகக் கடந்தார். போரின் முதல் குண்டுகள் பாய்ந்த சம்டர் கோட்டையையும் கடந்தாயிற்று. அதுவரை பிளான்டரின் கம்பத்தில் கூட்டமைப்பின் கொடியும் மாநிலக் கொடியும் பறந்துகொண்டிருந்தன. பீரங்கிகளின் எல்லைக்கு அப்பால் சென்றதும் அவை இறக்கப்பட்டன. ஹன்னா கொண்டுவந்திருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பு மேலேறியது. சுடுவதற்கு ஆயத்தமாக இருந்த ஒன்றியக் கடற்படைக் கப்பல் ஆன்வர்ட், அந்த வெண்துணியைக் கண்ட பின்னரே அடங்கியது. கப்பலில் இருந்த பீரங்கிகளும் குறியீட்டு நூலும் துறைமுகக் காவல் பற்றிய செய்திகளும் ஒன்றியத்தின் கைக்கு வந்தன.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். 1862-இல் கூட்டமைப்பின் அதிகாரபூர்வக் கொடி, மூன்று பட்டைகளும் வட்டமாக அமைந்த விண்மீன்களும் கொண்டது. பெருக்கல் குறியுடைய கொடி அப்போது போர்க்களத்துக்கு உரியதாக இருந்தது. 1863-இல்தான் அது தேசியக் கொடியின் ஒரு பகுதியானது. ஆகவே, அன்று இறக்கப்பட்ட துணியும் இன்று வழக்குக்குரிய துணியும் வடிவத்தில் வேறுபடலாம். ஆனால், இரண்டும் காத்து நின்ற அரசு ஒன்றே. ஹன்னாவுக்கும் அவருடைய குழந்தைக்கும் 800 டாலர் விலை குறித்த ஏற்பாட்டைக் காக்கவே அவ்வரசு எழுந்தது.

விடுதலை பெற்ற ஸ்மால்ஸ் ஓய்ந்திருக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் வாஷிங்டன் சென்று, கறுப்பின மக்களைப் படையில் சேர்க்குமாறு போர்த்துறைச் செயலர் ஸ்டாண்டனிடம் வேண்டினார். அதன்பின், முன்னாள் அடிமைகள் 5,000 பேர்வரை சேர்த்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. 1863 ஏப்ரலில் கியோகுக் என்னும் இரும்புக் கவசக் கப்பலைச் செலுத்திச் சார்ல்ஸ்டன் தாக்குதலில் பங்கேற்றார். 90 முறைக்கு மேல் அடிபட்ட அக்கப்பல் மறுநாள் மூழ்கியது; அவர் உயிர்தப்பினார். அவ்வாண்டின் இறுதியில், குண்டுமழைக்கு அஞ்சித் தலைவர் பொறுப்பைக் கைவிட்ட வேளையில், பிளான்டரைக் காப்பாற்றிக் கரைசேர்த்து அதன் தலைவர் பதவியையே பெற்றார். வீரம்தான் மரபென்றால், இதைவிட வேறெதைத் தென்னாட்டு வீரம் என்பது?

கப்பலைக் கைப்பற்றியதற்கு வெகுமதியாக அவருக்கு 1,500 டாலர் வழங்கப்பட்டிருந்தது. வரி செலுத்தப்படாமல் ஏலத்துக்கு வந்த போஃபர்ட் மாளிகையை அவர் வாங்கினார். எந்த வீட்டின் பின்புறத்தில் அடிமையாகப் பிறந்தாரோ அந்த வீட்டுக்கே உரிமையாளரானார். பழைய உரிமையாளர் தரப்பில் தொடுக்கப்பட்ட வழக்கில், 1878-இல் உச்ச நீதிமன்றம் ஸ்மால்ஸின் உரிமையை உறுதிசெய்தது. முதுமையில் நினைவு தடுமாறிய நிலையில் மெக்கீயின் மனைவி அவ்வீட்டுக்குத் திரும்பிவந்தபோது, ஸ்மால்ஸ் அவரை உள்ளே ஏற்றுப் பேணினார் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி.

அரசியலிலும் அவர் சுவடு ஆழமானது. 1868-இல் புதிய மாநில அரசமைப்பை வகுத்த பேரவையில் உறுப்பினராகி, எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயப் பொதுக்கல்வி வேண்டும் என வாதிட்டார். எழுத்தறிவை மறுத்த சட்டத்தின்கீழ் வளர்ந்தவர் அவர் என்பதை மறக்கலாகாது. கறுப்பினக் குழந்தைகளோடு ஏழை வெள்ளையரின் குழந்தைகளும் அக்கல்வித் திட்டத்தால் பயன்பெறுவோராயினர். மாநில அவைகளில் பணியாற்றியபின், 1875 முதல் 1887 வரை இடையிடையே ஐந்து முறை நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் அவையில் அமர்ந்தார்.

அவர் வாழ்வில் இருண்ட பக்கமும் உண்டு. 1877-இல், அச்சு ஒப்பந்தம் ஒன்றில் 5,000 டாலர் கையூட்டுப் பெற்றதாகத் தண்டிக்கப்பட்டார். பின்னர் ஓர் அரசியல் உடன்பாட்டின் பகுதியாக ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். கறுப்பினத் தலைவர்களை அரங்கிலிருந்து அகற்றும் முயற்சி முழுவீச்சில் நடந்த காலம் அது என்பதையும் சேர்த்தே இவ்வழக்கை மதிப்பிட வேண்டும் என்பது என் எண்ணம்.

அம்முயற்சி 1895-இல் முழுமை பெற்றது. பெஞ்சமின் டில்மன் முன்னின்று நடத்திய அரசமைப்புப் பேரவை, வாக்குரிமைக்கு எழுத்தறிவுத் தேர்வையும் சொத்துத் தகுதியையும் தலைவரியையும் நிபந்தனைகளாக்கியது. கறுப்பின மக்களிடமிருந்து வாக்கைப் பறிப்பதே அதன் நோக்கம் என்பதை டில்மன் மறைக்கவும் இல்லை. அப்பேரவையில் இருந்த ஆறு கறுப்பின உறுப்பினர்களுள் ஸ்மால்ஸ் ஒருவர். எதிர்த்துப் பேசினார், தோற்றார், ஆவணத்தில் கையொப்பமிட மறுத்தார். 1915 பிப்ரவரியில், அதே போஃபர்ட்டில், அதே வீட்டில் காலமானார்.

போர் முடிந்து 83 ஆண்டுகள் கழித்து, 1948-இல், கறுப்பின மக்களுக்கான குடியுரிமைச் சீர்திருத்தங்களை எதிர்த்துப் பிரிந்துசென்ற தென்னாட்டு அரசியலர், தெற்குக் கரோலினா ஆளுநர் ஸ்டிராம் தர்மண்டை அதிபர் தேர்தலில் நிறுத்தினர். அவர்களின் கூட்டங்களில் போர்க்கொடி பறந்தது. 1961-இல், போரின் நூற்றாண்டையொட்டி, அக்கொடி மாநில அரசு மாளிகையின் உச்சிக்கே ஏற்றப்பட்டது. மறு ஆண்டு சட்டமன்றத் தீர்மானம் அதனை அங்கேயே நிலைக்கச் செய்தது. வாக்குரிமைக்காகவும் பொது இடங்களில் சம உரிமைக்காகவும் கறுப்பின மக்கள் போராடிய ஆண்டுகள் அவை. நினைவஞ்சலி மட்டுமே நோக்கமென்றால் நூற்றாண்டு விழா முடிந்ததும் கொடி இறங்கியிருக்க வேண்டும். அது 2000 வரை அங்கேயே பறந்தது. அதன்பின் மாளிகை வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது.

2015 ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டன் இமானுவேல் தேவாலயத்தில் இனவெறியன் ஒருவன் ஒன்பது பேரைச் சுட்டுக்கொன்றான். போதகரும் மாநில செனட் உறுப்பினருமான கிளெமென்டா பிங்க்னி அவர்களுள் ஒருவர். அவருடைய தொகுதியில் போஃபர்ட் பகுதியின் ஊர்களும் அடங்கியிருந்தன. ஸ்மால்ஸ் மாநில செனட்டில் எந்த மண்ணுக்காகப் பேசினாரோ, அதே மண்ணின் பிரதிநிதி. ஜூலை 10 அன்று அரசே முன்வந்து அக்கொடியை இறக்கியது. 153 ஆண்டுகளுக்கு முன் ஓர் அடிமை சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் செய்த செயலை, மாநிலம் அன்றுதான் செய்து முடித்தது.

காலம் மெல்லத் திரும்புகிறது. கூட்டமைப்புப் படைகளின் வெற்றியை நினைவூட்டிய சான்சலர்ஸ்வில் என்னும் கடற்படைக் கப்பலுக்கு 2023-இல் ராபர்ட் ஸ்மால்ஸ் எனப் பெயர் மாற்றப்பட்டது. அரசு மாளிகை வளாகத்தில் அவருக்குச் சிலை அமைக்க 2024-இல் தெற்குக் கரோலினா சட்டம் இயற்றியது. அதே வளாகத்தில் டில்மனின் சிலை 1940 முதல் நிற்கிறது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

கொடியை இறக்குவோர் மரபை அழிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டை ஸ்மால்ஸின் வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பிறந்த மண்ணின் மீது பற்று, குடும்பத்துக்காக உயிரையும் பணயம் வைக்கும் துணிவு, தோற்றவரிடம் இரக்கம் என, கொடியைப் போற்றுவோர் எந்தப் பண்புகளைத் தென்னாட்டு மரபென்று உரைக்கிறார்களோ அவை அனைத்தும் அவரிடம் இருந்தன. அவரும் தென்னாட்டவரே. அங்கே பிறந்தார், விடுதலை பெற்றபின்னும் திரும்பிவந்து அங்கேயே வாழ்ந்தார், அங்கேயே அடங்கினார்.

வீழ்ந்த முன்னோரை நினைந்து அவர்களின் கல்லறையில் மலர் வைக்கும் உரிமை எவருக்கும் உண்டு. அதை எந்தச் சட்டமும் பறிக்கலாகாது. ஆனால், அனைவரின் வரிப்பணத்தில் இயங்கும் அரசு மாளிகையின் உச்சியில் ஒரு கொடி பறக்குமானால், அது அனைவருக்காகவும் பேச வேண்டும். 4 லட்சம் பேரை மக்களாகவே எண்ணாத ஓர் அரசின் கொடியால் அவ்வாறு பேச இயலாது. விடியற்காலை இருளில், மனைவியையும் குழந்தைகளையும் அருகில் வைத்துக்கொண்டு, அந்தக் கொடியை இறக்கியபோது ராபர்ட் ஸ்மால்ஸ் தம் மண்ணைத் துறக்கவில்லை. அந்த மண்ணில் தமக்குரிய பங்கைக் கேட்டார். தென்னாட்டு மரபைப் பற்றிப் பேசுவோர் அப்பங்கையும் கணக்கில் சேர்த்துப் பேச வேண்டும்.