பேய்க்கரும்பை எண்ணிப் பார்த்த ஜானகி அம்மாள்

பட்டினத்தார் படத்தைப் பார்த்திருப்பீர்கள். கோவணம், திருநீறு, கையில் ஒரு கரும்பு. அது ஆலைக்கு அனுப்பும் கரும்பு அல்ல, பேய்க்கரும்பு. அதன் நுனி எந்த ஊரில் இனிக்கிறதோ அங்கே முக்தி என்பது கதை. காவிரிப்பூம்பட்டினத்தில் பிறந்தவருக்குத் திருவொற்றியூரில் இனித்தது என்பார்கள்.

பேய்க்கரும்பு என்று பல ஊர்களில் சொல்லப்படுவது ஆற்றங்கரை நாணல்தான். ‘சக்காரம் ஸ்பான்டேனியம்’ என்பது அதன் தாவரவியல் பெயர். பூம்புகார் முகத்துவாரத்திலும் கொள்ளிடக் கரையிலும் வெள்ளைப் பூ ஆட நிற்கும் இந்தப் புல்லை நீங்கள் களை என்றுதான் சொல்வீர்கள். வரப்புக்குள் நுழைந்துவிட்டால் வேர்த்தண்டைத் தோண்டி எடுப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் உங்கள் வயலில் நிற்கும் ஆலைக்கரும்பின் முன்னோர்களில் ஒன்று இந்தப் புல். அதன் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்தவர்களில் முக்கியமானவர் ஜானகி அம்மாள்.

1897 நவம்பர் 4-ல் தலச்சேரியில் பிறந்தார். தந்தை நீதித்துறை அலுவலர், தோட்டத்திலும் பறவைகளிலும் ஈடுபாடு உள்ளவர். திருமணம் செய்துகொள்வதற்குப் பதில் படிக்கிறேன் என்று முடிவெடுத்த ஜானகி, சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். பிறகு உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று, 1931-ல் முனைவர் பட்டம் பெற்றார். திருவனந்தபுரத்தில் சிறிது காலம் பேராசிரியராக இருந்துவிட்டு, 1934-ல் கோவை கரும்பு இனப்பெருக்கு நிலையத்தில் மரபியலாளராகச் சேர்ந்தார்.

அப்போது அந்த நிலையம் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்தது. தடித்த, இனிப்பான வெப்பமண்டலக் கரும்பை நாணலோடு ஒட்டிப் பிறந்த ‘கோ 205’ ரகம் 1918-லேயே வெளிவந்து வடஇந்திய வயல்களுக்குப் போய்விட்டது. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் செய்த வேலை அது. தடித்த கரும்பில் சர்க்கரை உண்டு, தாங்கும் சக்தி இல்லை. நாணலில் சர்க்கரை சொற்பம். ஆனால் ஆழமான வேர், அதிகத் தூர், வறட்சியையும் நீர் தேங்குவதையும் சமாளிக்கும் உடம்பு, பல நோய்களுக்கு எதிர்ப்பு எல்லாம் உண்டு. இன்று நீங்கள் மறுதாம்பு விட்டு இரண்டாம், மூன்றாம் வெட்டு எடுப்பதில் நாணலின் பங்கு பெரிது.

இந்தக் கலப்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதே ஜானகியின் வேலை. நாட்டின் பல இடங்களிலிருந்து வந்த நாணல்களை ஆராய்ந்தார். தடித்த கரும்பில் குரோமோசோம்கள் 80. நாணலிலோ இடத்துக்கு இடம் எண்ணிக்கை மாறியது. 40 முதல் 128 வரை உண்டு என்று இன்று அறிவோம். ஓர் ஊர் நாணலும் இன்னோர் ஊர் நாணலும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே வேறு வேறு. கரும்பையும் மக்காச்சோளத்தையும் ஒட்டிப் பார்த்த சோதனை பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். தனியாக வாழும் பெண், அதிலும் தாழ்த்தி வைக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் என்பதால், உடன் பணிபுரிந்த ஆண்கள் நடுவே அவருக்கு அந்த ஆண்டுகள் சுலபமாக இல்லை.

1939-ல் மரபியல் மாநாட்டுக்காக எடின்பரோ சென்றபோது உலகப் போர் மூண்டது. இங்கிலாந்திலேயே தங்கி, 1940 முதல் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் வேலை பார்த்தார். இரவில் குண்டு விழும்போது கட்டிலுக்கு அடியில் ஒதுங்குவார். மறுநாள் ஆய்வகத்தில் கண்ணாடித் துண்டுகளைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வார். சி.டி. டார்லிங்டனுடன் சேர்ந்து அவர் தொகுத்த, பயிர்ச்செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கை நூல் 1945-ல் வெளிவந்தது. பிறகு விஸ்லி தோட்டத்தில் இருந்தபோது ஆராய்ந்த மக்னோலியா செடிகளில் ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நேருவின் அழைப்பை ஏற்று 1951-ல் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பேற்றார். உணவு உற்பத்தியைப் பெருக்க நாடெங்கும் காடு திருத்திய காலம் அது. ஷில்லாங்கிலிருந்து 37 மைல் பயணம் செய்து, அந்தப் பகுதியில் மிஞ்சியிருந்த ஒரே ஒரு காட்டு மக்னோலியா மரத்தைப் பார்க்கப் போனார். மரம் எரிக்கப்பட்டுக் கிடந்தது. 1955-ல் பிரின்ஸ்டனில் பூமியின் முகத்தை மனிதன் மாற்றுவது பற்றி நடந்த கருத்தரங்கில் பேச அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர்தான்.

அந்த மரத்தின் கதை நாணலுக்கும் பொருந்தும். நாணல் அழியாத புல்தானே என்று கேட்பீர்கள். இனம் அழியாது, உண்மை. ஆனால் ஒரு முகத்துவாரத்தில் உப்பு நீரையும் வெள்ளத்தையும் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிவந்த அந்தத் தூர், பொக்லைன் ஒருமுறை வாரிப்போட்டால் போயிற்று. ஆலைக்கரும்பு ரகங்களில் கலந்திருப்பது மிகச் சில நாணல்களின் இரத்தம்தான். செவ்வழுகல் நோய் புது வடிவம் எடுத்தாலோ, கடைமடை நிலத்தில் உப்பு ஏறினாலோ தேடிப் போக வேண்டியது இந்தக் கரைகளுக்குத்தான்.

நாணலை விதையாக எடுத்து வைக்கலாமே என்றால், அதில் சிக்கல் உண்டு. அயல்மகரந்தம் சேர்வதால் விதையிலிருந்து வரும் நாற்று தாயைப் போலவே இருக்காது. பஞ்சு போன்ற அந்த விதை சாதாரண அறை வெப்பத்தில் சீக்கிரம் முளைப்புத்திறனையும் இழந்துவிடும். ஆகவே தாயின் குணம் அப்படியே வேண்டுமானால் கரணையோ, வேர்த்தண்டோடு பெயர்த்த தூரோ வைத்துத்தான் காப்பாற்ற வேண்டும். கோவையில் நாணல்கள் இப்படித்தான் வளர்க்கப்படுகின்றன. கரும்பு இனங்களின் உலகத் தொகுப்பு, ஜானகி பிறந்த தலச்சேரிக்குப் பக்கத்திலேயே, கண்ணூர் மையத்தில் இருக்கிறது. பூட்டி வைத்து மறந்துவிடும் வங்கி அல்ல இது. திரும்பத் திரும்ப நட்டு, நோய் பார்த்து, பெயர்ப்பலகை மாறாமல் காக்க வேண்டும். ஒரு பருவம் கவனம் தவறினால் ஒரு ஊரின் நாணல் பட்டியலோடு நின்றுவிடும்.

ஜானகி 1970-க்குப் பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் கள ஆய்வகத்தில் தங்கினார். மூலிகைத் தோட்டம், பூனைகள், எளிய வாழ்க்கை. 1977-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டக்கூடாது என்று எண்பது வயதைத் தாண்டியும் குரல் கொடுத்தார். 1984 பிப்ரவரி 7-ல் மதுரவாயலில் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அந்தப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா ஆனது.

விரிவாக்க அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாய்க்கால் தூர்வாரும் பட்டியல் உங்கள் கைக்கு வரும்போது, உப்பு ஏறிய கரையிலோ மாதக்கணக்கில் நீர் நிற்கும் படுகையிலோ செழித்திருக்கும் நாணல் கண்ணில் பட்டால், இடத்தையும் மண்ணின் தன்மையையும் குறித்துக் கோவை நிலையத்துக்கு எழுதுங்கள். விவசாயிகள் அதை வயலுக்குப் பெயர்த்து வந்து நட வேண்டாம். பிறகு பிடுங்கி மாளாது. கரையில் இரண்டு தூரை விட்டுவையுங்கள், போதும்.