பாட்டுப் பாடாத அஞ்சாவது வால்வு

எங்க ஊர் வீரசோழன், வானம் பார்த்த பூமி. பக்கத்துல போர் மோட்டார் போட்டா வீட்ல லைட் மங்கும். ஹோம் தியேட்டர்ல பாட்டுக்கு அடியில 'ம்ம்ம்'னு ஒரு இரைச்சல் வரும். கரண்டை இழுக்குறது மோட்டார், அதனால கெடுறது பாட்டு. இந்த ரெண்டு பக்கமும் கை வச்ச ஒரு தமிழரைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. அவர்தான் ஜி.டி. நாயுடு.

1893 மார்ச் 23 அன்று கோவை அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தார் கோபாலசாமி துரைசாமி நாயுடு. பள்ளிப் படிப்பு மனசுல ஒட்டலை. ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததுதான் திருப்புமுனை. கோவையில் ஹோட்டல் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, அந்த வண்டியையே வாங்கினார். ஓட்டுறதுக்கு மட்டும் இல்லை, பிரிச்சுப் பார்த்து மறுபடி பூட்டுறதுக்கு! 1920-ல் ஒரே பஸ்ஸோடு பொள்ளாச்சி–பழனி தடத்தில் இறங்கினார். அதுவே யு.எம்.எஸ். என்ற பெயரில் வளர்ந்தது.

1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்தது. 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவின் முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படும் மோட்டாரை உருவாக்கினார். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை வெறும் 70 ரூபாய்க்குச் செய்ய முடியும் என்று அறிவித்தார்.

இங்கதான் நம்ம பாடம் இருக்கு. அந்தக் காலத்து மெயின்ஸ் ரேடியோவில் பொதுவாக நாலு வால்வு சிக்னலைப் பார்க்கும். அஞ்சாவது ரெக்டிஃபையர். அது பாட்டைத் தொடவே தொடாது, ஏ.சி.யை டி.சி.யாக மாத்தித் தருவது மட்டும்தான் அதன் வேலை. 50 ஹெர்ட்ஸ் கரண்டை முழு அலையாகத் திருத்தினா நொடிக்கு 100 மேடு வரும். கெப்பாசிட்டரும் சோக்கும் சேர்ந்து அந்த மேடுகளைச் சமன் செய்யணும். செய்யலைன்னா ஸ்பீக்கர் அதையும் சேர்த்துப் பாடும். அந்த இரைச்சல்தான் 'ஹம்'.

இன்னிக்கும் அதே கதைதான். இண்டக்‌ஷன் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஓடும் கரண்டைப் போல அஞ்சாறு மடங்கு இழுக்கும், வோல்டேஜ் இறங்கும். ரெகுலேட்டருக்குத் தேவையான வோல்டேஜ் கிடைக்கலைன்னா அந்த மேடு பள்ளம் பாட்டுக்குள்ள நுழையும். அதுக்கு நல்ல ஸ்டெபிலைசர் உதவும். ஆனா ஆம்ப்ளிஃபையர் உள்ளே கெப்பாசிட்டர் காய்ஞ்சு போயிருந்தா, வெளியே எவ்வளவு விலை கொடுத்து கண்டிஷனர் மாட்டினாலும் ஹம் போகாது. எர்த் லூப்பால வர்ற இரைச்சலும் அப்படித்தான், ஒயரிங்கைச் சரி பண்ணணும்.

நோயை வெளியே தேடுறதா, உள்ளே தேடுறதா? நாயுடு வாழ்க்கை முழுக்கத் திறந்து பார்த்தவர். 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரி உருவாகக் காரணமாக இருந்தார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஜி.சி.டி., அதன் தொடர்ச்சிதான். நாலு வருஷப் படிப்பு காலவிரயம், ரெண்டு வருஷம் போதும் என்பது அவர் கருத்து. அது ஏற்கப்படாததால் முதல்வர் பதவியை விட்டு விலகினார். 1952-ல் 2,000 ரூபாய்க்கு ரெண்டு பேர் போகும் கார் திட்டம் போட்டார். அரசு லைசென்ஸ் தரலை. 1974 ஜனவரி 4-ல் மறைந்தார்.

நாலு வருஷம் படிக்கிற நாம, ரெண்டு போதும்னு சொன்னவருக்கு என்ன பதில் வச்சிருக்கோம்? அடுத்த தடவை ஸ்பீக்கர் இரைஞ்சா, ஆன்லைன்ல ஆர்டர் போடறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரை எடுங்க. பிளக்கைக் கழட்டி, கெப்பாசிட்டர் சார்ஜ் இறங்குன பிறகு மூடியைத் திறங்க. பதில் அங்க இருந்தே ஆரம்பிக்கட்டும்.