மண்ணை மதித்த கட்டடக் கலைஞர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

உணவு, உடை, உறைவிடம் ஆகிய மூன்றும் மனிதனின் அடிப்படைத் தேவைகள் என்று தொடக்கப் பள்ளியிலேயே படித்தோம். முதல் இரண்டுக்காகப் பாடுபட்ட பெரியோர் பலரை நாம் அறிவோம். மூன்றாவதற்காக வாழ்நாள் முழுவதும் பாடுபட்ட ஒருவரை மாணவ நண்பர்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறேன். அவர்தாம் எகிப்து நாட்டுக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி.

இளமை

ஹசன் ஃபாத்தி 1900 ஆம் ஆண்டு அலெக்சாந்திரியா நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். தந்தைக்கு நிலபுலன்கள் இருந்தும் கிராமம் என்றாலே பிடிக்காது. தாயோ தாம் சிறு வயதில் கண்ட கிராம வாழ்வை எண்ணி எண்ணி ஏங்குபவர். மகன் தாயைக் கொண்டு பிறந்தார் போலும்! வேளாண்மை படிக்க விரும்பினார். நுழைவுத் தேர்வில் தேறவில்லை. பின்னர் கட்டடக் கலை பயின்று 1926 இல் கெய்ரோவில் பட்டம் பெற்றார். வளர்ந்து ஆளான பிறகே குடும்பப் பண்ணையை முதன்முதலாகப் பார்த்தார். அங்கே உழவர்கள் வாழ்ந்த குடிசைகளின் இழிநிலை அவர் நெஞ்சை உலுக்கிவிட்டது.

கூரை என்னும் சிக்கல்

எகிப்திய உழவனிடம் காசு இல்லை; ஆனால் காலடியில் நைல் நதியின் வண்டல் மண் இருக்கிறது. வைக்கோல் கலந்து பிசைந்து வெயிலில் உலர்த்தினால் செங்கல் தயார். சுவர் எழுந்துவிடும். கூரைக்கு என்ன செய்வது? எகிப்தில் மரம் அரிது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் இரும்பும் மரமும் எட்டாக் கனியாயின. மண் கல்லாலேயே வளைந்த கூரை போட்டுப் பார்த்தார் ஃபாத்தி. அது இடிந்து விழுந்தது.

அசுவான் பகுதியில் நூபிய மக்கள் சாரமே இல்லாமல் இத்தகைய கூரைகளைக் கட்டுகிறார்கள் என்று அவருடைய சகோதரர் சொன்னார். 1941 இல் ஃபாத்தி அங்கே சென்றார். கல்லூரியில் எவரும் கற்பிக்காததை எழுத்தறியாத கொத்தனார்கள் செய்துகொண்டிருந்தார்கள்! பட்டம் பெற்ற கலைஞர் அவர்களிடம் மாணவராக அமர்ந்தார். இதுவே அவர் வாழ்வின் திருப்புமுனை எனலாம்.

அம்முறையில் அறையின் ஒரு முனைச் சுவரை மட்டும் உயர்த்திக் கட்டுவார்கள். அதன்மேல் வளைவின் வடிவத்தை ஈர மண்ணால் வரைவார்கள். வைக்கோல் மிகுதியாகச் சேர்த்த இலேசான கற்களை, ஈர மண் பற்றிக்கொள்ளும்படி விரலால் கீறிவிட்டு, அச்சுவரின்மேல் சாய்ந்தவாறு ஒட்டுவார்கள். முதல் வளையம் சுவரில் சாயும். அடுத்தது முதல் வளையத்தின்மேல் சாயும். ஆகவே தாங்கிப் பிடிக்கச் சாரம் வேண்டுவதில்லை. இயற்பியல் மாணவனாகிய எனக்கு இதில் வியப்பளிப்பது அந்த வளைவுதான். தொங்கும் சங்கிலியைத் தலைகீழாக்கியதைப் போன்ற வளைவு அது. அதில் எடை முழுவதும் அழுத்து விசையாகவே இறங்கும். மண் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. இக்கணக்கைத் தாளில் போடாமல் கையில் வைத்திருந்தார்கள் அம்மக்கள். லக்சர் அருகே மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட இரண்டாம் ராம்செஸ் காலத்து மண் கல் களஞ்சியங்கள் இன்றும் நிற்பது இம்முறைக்குச் சான்று.

புதிய கூர்னா

லக்சருக்கு எதிர்க்கரையில் பழங்காலக் கல்லறைகளின்மேல் குடியிருந்த கூர்னா மக்களை அகற்ற அரசு முடிவு செய்தது. கல்லறைப் பொருள்கள் களவு போனதே காரணம். சுமார் 7,000 பேருக்குப் புதிய ஊர் அமைக்கும் பணி 1945 இல் ஃபாத்தியிடம் வந்தது. ஒரே அச்சில் வார்த்த வரிசை வீடுகளை அவர் விரும்பவில்லை. குடும்பத்துக்குக் குடும்பம் தேவை வேறுபடும் என்றார். உள் முற்றம், கனத்த மண் சுவர், வடக்குக் காற்றை உள்ளே இறக்கும் காற்றுக்கூண்டு ஆகியவற்றோடு வீடுகளும், பள்ளிவாசல், சந்தை, நாடக அரங்கு, பள்ளிகளும் எழுந்தன.

ஆயினும் ஊர் முழுமை பெறவில்லை. அலுவலகக் கோப்புகளின் தாமதம் ஒருபுறம். மக்களின் எதிர்ப்பு மறுபுறம். கல்லறைகளும் அவற்றைக் காண வரும் பயணிகளுமே அவர்களுக்குப் பிழைப்பு. அதை விட்டுவர அவர்களுக்கு மனமில்லை. குவிமாடம் சமாதிக்கு உரியது. வீட்டுக்கு ஆகாது என்ற எண்ணமும் சிலரிடம் இருந்தது. ஒருமுறை கரையை வெட்டிப் புதிய ஊருக்குள் வெள்ளத்தையே விட்டார்கள். 1948 அளவில் பணி நின்றுபோயிற்று.

இங்கே நாம் சிந்திக்க வேண்டும். வீட்டை எப்படிக் கட்டுவது என்று மக்களோடு கலந்து பேச விரும்பியவர் ஃபாத்தி. ஆனால் ஊரை விட்டுப் போக வேண்டுமா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. அடித்தளத்தில் விழுந்த இவ்விரிசலை எந்தக் கொத்தனாரால் பூச முடியும்? மண் வீட்டை வறுமையின் முத்திரையாகவே பார்த்தவர்களுக்கு மண்ணின் பெருமையைச் சொல்வதும் எளிதன்று. மண் சுவர் வீட்டில் வளர்ந்தவன் நான். சித்திரை வெயிலில் அதன் குளுமையை அறிவேன். ஐப்பசி மழையில் சுவர் கரைய, என் தாய் உறங்காமல் விழித்திருந்ததையும் அறிவேன். எனவே கூர்னா மக்களைப் பழிக்க எனக்கு நா எழவில்லை.

பிற்கால வாழ்வு

1957 இல் ஃபாத்தி கிரேக்க நாடு சென்று சில ஆண்டுகள் பணிபுரிந்தார். தாயகம் திரும்பிப் பாலைவனச் சோலை ஒன்றில் தொடங்கிய புதிய பாரிஸ் என்னும் ஊர், 1967 போரால் பாதியில் நின்றது. கூர்னா அனுபவத்தை அவர் எழுதிய நூல் 1969 இல் கெய்ரோவிலும், 1973 இல் அமெரிக்காவிலும் வெளியாகி உலகெங்கும் அவர் பெயரைப் பரப்பியது. 1980 இல் ஆகா கான் கட்டடக் கலை விருதுக் குழுவின் தலைவர் விருதும், சரியான வாழ்வுக்கான விருதும் அவரைத் தேடி வந்தன. அடுத்த ஆண்டு நூபியக் கொத்தனார்களை அழைத்துச் சென்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் மண்ணால் பள்ளிவாசல் எழுப்பினார். 1989 நவம்பர் 30 அன்று கெய்ரோவில் மறைந்தார்.

புதிய கூர்னாவின் வீடுகள் பல பின்னாளில் இடிந்து, அவ்விடங்களில் கான்கிரீட் வீடுகள் வந்துவிட்டன. பள்ளிவாசல் நிலைத்தது. 2010 இல் உலக நினைவுச்சின்ன நிதியம் அவ்வூரைக் காக்கப்பட வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது.

கட்டிய ஊர் நிறைவேறாவிட்டாலும், ஏழையின் வீடும் கணக்கறிந்து, அழகறிந்து கட்டத்தக்கது என்று உலகை ஏற்கச் செய்தவர் ஹசன் ஃபாத்தி. நாளை பொறியாளராகவோ அலுவலராகவோ ஆகப்போகும் நண்பர்கள், ஒருவருக்கு வீடு கட்டித் தருமுன் அவர் வாசலில் சற்று நேரம் அமர்ந்து பேச வேண்டும். எப்படிக் கட்டலாம் என்று மட்டும் கேட்டால் போதாது. கட்டலாமா என்றும் கேட்க வேண்டும்.