இரைச்சலினூடே இன்னொலி கேட்டவர்: றெஜினால்ட் பெசெண்டன்

கம்பியில்லாத் தந்தியின் வரலாற்றைப் பேசுவோர் மார்க்கோனியின் பெயரையே முதற்கண் கூறுவர். அது தகுவதே. 1901ஆம் ஆண்டு டிசெம்பர் 12ஆந் திகதி, நியூபவுண்ட்லாந்தின் குன்றொன்றிலே, பட்டத்தினால் உயர்த்தப்பட்ட கம்பியோடு இணைத்த செவிக்கருவியில், மோர்ஸ் எழுத்தொன்றின் மூன்று புள்ளிகளைத் தாம் கேட்டதாக அவர் அறிவித்தார். ஆயினும் அன்று அவர் செவியில் வீழ்ந்தவை இரைச்சலிற் கலந்த மெல்லிய சொடுக்குகளேயாம். அவை அத்திலாந்திக் கடலைத் தாண்டிக் கோண்வாலிலிருந்து வந்தனவோ, அன்றி வான்மின்னல் எழுப்பிய ஒலிதானோ என ஐயுறுவோர் இன்றும் உளர். சொடுக்கும் இரைச்சலும் ஓரினத்தன. அவற்றைப் பிரித்தறிதல் செவிக்கு அரிது. அச்சொடுக்கை இனிய சுரமாக்கிவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை என்று கண்டு, அதற்கு வழியும் வகுத்தவர் கனடா நாட்டவராகிய றெஜினால்ட் பெசெண்டன்.

இவர் 1866ஆம் ஆண்டு ஒக்ரோபர் 6ஆந் திகதி கியூபெக் மாகாணத்துக் கிழக்குப் போல்டன் என்னும் ஊரிலே, ஒரு மதகுருவின் மைந்தராய்த் தோன்றினார். கல்லூரியிற் பயின்றாரேனும் பட்டம் பெறாமலே வெளியேறினார். பின்னர் பேர்மூடாத் தீவிலே ஒரு பாடசாலைக்குத் தலைமையாசிரியரானார். அங்கு உதவியாசிரியர் எவருமிலர். தலைமையாசிரியரும் ஆசிரியர் குழாமும் அவரொருவரே. எமது தொழிலுக்குரியார் ஒருவர் இத்துறையிற் பெருமை பெற்றார் என்பதிலே எம்போல்வார்க்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு. பின்னாளில் இவர் கைப்பிடித்த ஹெலன் அம்மையாரைச் சந்தித்ததும் அத்தீவிலேயே.

இரண்டாண்டின் பின் நியூயோர்க் சென்று, எடிசனிடம் வேலை பெற்றார். நிலத்தடி மின்கம்பிகளைச் சோதிக்கும் எளிய பணியில் தொடங்கி, எடிசனின் ஆய்வுகூடத்தில் இரசாயன அறிஞராக உயர்ந்தார். 1890இல் பொருள் முடையால் எடிசன் ஆட்குறைப்புச் செய்தபோது அவ்விடம் நீங்கினார். பட்டமற்ற இவரை 1892இல் பேடியூப் பல்கலைக்கழகமும், மறு ஆண்டு பிற்ஸ்பேர்க் நகரத்துப் பல்கலைக்கழகமும் மின்னியற் பேராசிரியராக ஏற்றன.

அக்காலக் கம்பியில்லாத் தந்தி தீப்பொறியினால் இயங்கியது. ஒவ்வொரு பொறியும் அலையை ஒருமுறை எழுப்பி அவியும். அதனைப் பெறுதற்கு உலோகத்தூள் அடைத்த கண்ணாடிக் குழாயைப் பயன்படுத்தினர். அக்குழாய் அலை வந்ததா இல்லையா என்பதை மட்டுமே கூறும்; எத்துணை வலிது, எத்தன்மையது என்று கூறாது. மின்னல் வெட்டினும் அதற்கு ஒன்றே; மோர்ஸ் புள்ளியாயினும் ஒன்றே. அலை அவியாது தொடர்ந்து ஓடவேண்டும், அதனைச் செவியே கேட்டறியவேண்டும் என்பது பெசெண்டனின் கொள்கை. மார்க்கோனியின் வழியே வழி என்று உலகம் நம்பியிருந்த நாளில் இவ்வாறு முரணி நின்றமையால் இவர் பெற்ற ஏளனம் சிறிதன்று.

எனினும் இங்கு ஒரு தடை உண்டு. தொடரலை நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிர்வது. மானிடச் செவியோ அவ்வதிர்வை அறியமாட்டாது. இத்தடையை நீக்க இவர் கையாண்ட உபாயம், பௌதிக ஆய்வுகூடத்திலே இரண்டு இசைக்கவைகளை ஒருங்கே ஒலிப்பித்து அடிப்புக் கேட்ட மாணாக்கர் எவர்க்கும் எளிதில் விளங்கும். 256 அதிர்வுடைய கவையும் 260 அதிர்வுடைய கவையும் கூடி ஒலிக்குமிடத்து, நொடிக்கு 4 முறை ஒலி ஏறி இறங்கும். அவ்வாறே வானில் வரும் அலையோடு, மீடிறனில் அதற்குச் சிறிது வேறுபட்ட பிறிதோர் அலையைக் கலந்தால், இரண்டின் வேற்றுமையே செவிக்குரிய சுரமாகப் பிறக்கும். 1902ஆம் ஆண்டு ஓகஸ்ற் 12இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. வேற்று விசை எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கூட்டி, ஹெற்றரோடைன் என்று அவரே பெயரிட்டார்.

கருத்து முந்திவிட்டது, கருவி பிந்தியது. மாறாத மீடிறனில் அலை எழுப்பும் எளிய சாதனம் அன்று கிடையாது. வால்வு வந்து அலையெழுப்பக் கற்றபின்னரே, அதாவது ஏறக்குறையப் பத்தாண்டு கழித்தே, இம்முறை நடைமுறைக்கு முற்றும் ஏற்றதாயிற்று. அதுவரை அவர் வாளாவிருந்தாரல்லர். சுழலும் சக்கரத்தினால் தீப்பொறியை நொடிக்குப் பலநூறு முறை ஒழுங்காகத் தெறிக்கச் செய்தார். செவிக்கருவியில் அது கரகரப்பாகவன்றிச் சீழ்க்கை போல ஒலித்தமையால், மின்னல் இரைச்சலினின்றும் செய்தி தனித்துக் கேட்டது. அம்லத்தில் நுண்ணிய பிளாற்றினக் கம்பி தோயும் புதிய உணர்கருவியும் அவரதே. மசச்சூசெற்சிலே பிறான்ற் றொக் என்னுமிடத்திலும், ஸ்கொத்லாந்திலே மக்ரிகானிஷ் என்னுமிடத்திலும் 420 அடி உயரக் கோபுரங்களை நாட்டி, 1906 சனவரியில் இருபுறமும் செய்தி பரிமாறினார். அவ்வாண்டு டிசெம்பர் 5ஆந் திகதிப் புயலில் மக்ரிகானிஷ் கோபுரம் சாய்ந்தது. அது மீண்டும் எழவில்லை.

மனிதக் குரலை 1900ஆம் ஆண்டிலேயே கொப் தீவில் ஏறக்குறைய ஒரு மைல் தூரம் அனுப்பியவர் இவர். 1906 நத்தார் இரவில் கப்பல்களுக்கு இசையும் உரையும் ஒலிபரப்பினார் என்னும் கதை பெரிதும் பரவியுள்ளது. ஆனால் அது பல்லாண்டு கழித்து அவர் எழுதிய கடிதத்தையே முதன்மைச் சான்றாக உடையது. கப்பற் குறிப்பேடுகளிற் சான்று அகப்பட்டிலது. அவ்விரவைக் கொண்டே அவரைப் புகழ்வோர், ஹெற்றரோடைனை மறந்துவிடுதல் வருந்தத்தக்கது.

இன்று பொழுதுபோக்காக மோர்ஸ் ஒலிபரப்பும் அமெச்சூர் வானொலியார் ஒவ்வொருவரும் பெசெண்டனின் வழியிலேயே கேட்கின்றனர். 70,10,000 அதிர்வுடைய மெலிந்த சைகையோடு, தம் கருவி பிறப்பிக்கும் 70,10,700 அதிர்வைக் கலந்தால் 700 அதிர்வுச் சுரம் பிறக்கும். அருகிலே 70,09,500 அதிர்வில் உரத்து ஒலிக்கும் வேற்று நிலையம் 1,200 அதிர்வுச் சுரமாய்ப் புகும். 700ஐச் சூழ்ந்த ஒலியை மட்டும் விட்டு ஏனையவற்றைத் தடுக்கும் ஒலி வடிகட்டியை இடையில் வைத்தாற் போதும், அயலான் அடங்கிவிடுவான். இரைச்சலோ எல்லா அதிர்விலும் பரந்து கிடப்பது. 2,500 அதிர்வு அகலமுள்ள வாயிலை 250 ஆகச் சுருக்கினால், இரைச்சலின் வலு பத்திலொன்றாகும். சைகையின் வலு குறையாது. வாயிலை அளவுமீறிச் சுருக்கினாலோ, கோவில் மணியின் கார்வை போல் வடிகட்டி தானே ஒலித்து நிற்க, புள்ளியும் கோடும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இன்று கணிப்பொறியே வடிகட்டினும், இறுதி வடிகட்டி பயின்ற செவியேயாம். அச்செவிக்குப் பற்றுக்கோடாக ஒரு சுரத்தை ஈந்தவர் பெசெண்டன்.

அவர் இணக்கமான மனிதரல்லர். காப்புரிமையிற் பங்கு கேட்கப்பட்டதாக முறையிட்டு 1902இல் வானிலைத் திணைக்களத்தை விட்டார். அவருக்குப் பெரும் பொருள் உதவிய கம்பனியாரோடு பிணங்கி 1911இல் விலக்கப்பட்டார். வழக்குகள் ஆண்டுக்கணக்காய் நீண்டன. முதலிட்டவர்களின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் நடுநிலையாளர் மறத்தலாகாது. 1913இல் அமெரிக்கக் கடற்படை சேலம் என்னும் போர்க்கப்பலில் நடத்திய நெடுந்தூரச் சோதனையில் ஹெற்றரோடைன் முறை சிறந்து விளங்கியபோது, அவர் அக்கம்பனியில் இருந்தாரல்லர்.

அதற்குள் அவர் மனம் கடலடி ஒலியில் ஈடுபட்டிருந்தது. ரைற்றானிக் மூழ்கி ஈராண்டு கழிந்து, 1914 ஏப்ரிலில், தாம் அமைத்த நீரடி ஒலிக்கருவியை மயாமி என்னும் கப்பலிற் கொண்டு சென்று, பனிமலையிற் பட்டு மீளும் எதிரொலியைக் கேட்டுக் காட்டினார். அக்கருவி நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு மோர்ஸ் செய்தி அனுப்பவும் உதவிற்று.

1928ஆம் ஆண்டிலே காப்புரிமை வழக்கு இணக்கமாக முடிந்து, அரை மில்லியன் டொலர் கிடைத்தது. அதன்பின் அவர் தாம் முன்பு ஆசிரியராயிருந்த பேர்மூடாவுக்கே மனைவியாருடன் மீண்டார். 1932 யூலை 22ஆந் திகதி அங்கு இறந்தார். ஹெலன் அம்மையார் எழுதிய கணவர் வரலாறு 1940இல் நூலாக வெளிவந்தது.