விழுந்தும் எழுந்த வீரர் ஆர்தர் ஆஷ்

சென்ற வாரம் ரஞ்சன்குடிக்குப் போயிருந்தோம். பெரம்பலூரிலிருந்து சென்னை நோக்கி நெடுஞ்சாலையில் வருவோர் கண்ணுக்கு அக்கோட்டை தப்பாது. 1751ஆம் ஆண்டில், நவாப் பட்டத்துக்கு மோதிய இரு தரப்பாருக்குத் துணையாக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் வலிகண்டபுரத்தருகே போரிட்ட காலத்தில் பேரெடுத்த கோட்டை அது. இன்று பட்டமும் இல்லை, பட்டாளமும் இல்லை. மதிலடியிலே சிறுவர்கள் பந்தடித்து விளையாடுகிறார்கள்.

திரும்பும் வழியில், சாலையோரத் தேநீர்க்கடை ஒன்றில் தோழர்களோடு உட்கார்ந்தோம். நெடுநாள் நோயிலே கிடந்து எழுந்து வந்த தோழர் ஒருவரும் உடனிருந்தார். அவருக்கு வந்தது இன்ன நோய் என்று ஊரார் தாமாகவே முடிவு கட்டி, காதோடு காதாகப் பேசி வந்தனர். நமக்கெல்லாம் கண்ணாடிக் குவளையில் தேநீர் வந்தது. அவருக்கு மட்டும் காகிதக் குவளை. அதுவும் எட்ட நின்று நீட்டப்பட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு, பெஞ்சியின் கோடிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

இரட்டைக் குவளையை ஒழிப்போம் என்று ஊர் ஊராக முழங்கியவர்கள் நாம். அன்று நம்மில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாமும் திறக்கவில்லை. வண்டியேறிய பிறகுதான் நெஞ்சு உறுத்திற்று. அந்த உறுத்தலிலே நினைவுக்கு வந்தவர்தான் ஆர்தர் ஆஷ்.

ஆஷ் என்றதும், 1911இல் மணியாச்சி நிலையத்திலே சுடப்பட்ட வெள்ளைக்காரக் கலெக்டர் நினைவுக்கு வரக்கூடும். இவர் அவரல்லர். இவர் அமெரிக்க நாட்டுக் கறுப்பர். அடிமைகளின் வழி வந்தவர். டென்னிஸ் ஆட்டத்தில் உலகை வென்றவர். நோயாலும் நிறத்தாலும் ஒதுக்கப்பட்டும் ஒடுங்காதவர். டென்னிஸ் சீமான்களின் ஆட்டமாயிற்றே, உழைப்பாளிக்கு அதில் என்ன வேலை என்று கேட்கலாம். அந்தச் சீமான்களின் கோட்டைக்குள்ளே, ஒரு பூங்காக் காவலாளியின் மகன் எப்படி நுழைந்தான் என்பதுதான் கதை.

காவலாளியின் மகன்

1943ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் ஆர்தர் பிறந்தார். அடிமை முறையைக் காக்கப் போர் தொடுத்த தென் மாநிலங்களுக்குத் தலைநகராயிருந்த ஊர் அது. பள்ளி, பேருந்து, பூங்கா எல்லாம் வெள்ளையருக்கு வேறு, கறுப்பருக்கு வேறு. கறுப்பருக்கென ஒதுக்கிய பூங்கா ஒன்றுக்கு ஆர்தரின் தந்தை காவலாளி. வீடும் பூங்காவுக்குள்ளேயே. வீட்டை ஒட்டி டென்னிஸ் திடல்கள். ஆறு வயதிலே தாயை இழந்த அந்த ஒல்லிப் பிள்ளைக்கு மட்டையும் பந்துமே துணையாயின.

அவரை உருவாக்கியவர் வால்டர் ஜான்சன் என்னும் கறுப்பின மருத்துவர். தம் வீட்டுத் திடலிலே கறுப்பினச் சிறுவர் சிறுமியரைக் கோடைதோறும் பயிற்றியவர். விம்பிள்டனில் வென்ற முதல் கறுப்பின வீராங்கனை ஆல்தியா கிப்சனுக்கும் அவர் ஆசான். ஆட்டத்தோடு அடக்கத்தையும் அவர் கற்பித்தார். எதிரி அடித்த பந்து கோட்டுக்கு வெளியே இரண்டு அங்குலம் விழுந்தாலும் உள்ளே விழுந்ததாகவே கொண்டு ஆடவேண்டும். நடுவரிடம் வாதாடக் கூடாது. கோபம் முகத்தில் தெரியக் கூடாது என்றார். ஏன் இத்தனை கட்டுப்பாடு? கறுப்பன் பொய்யன், முரடன் என்று சொல்லி வெளியே தள்ளக் காத்திருந்தது வெள்ளையர் உலகம். அதற்குச் சாக்குக் கொடுக்கலாகாது என்பதற்காகத்தான்.

ஆனால் அடக்கத்தால் கதவு திறந்துவிடவில்லை. ரிச்மண்டின் வெள்ளையர் திடல்களிலே ஆர்தர் கால் வைக்க முடியவில்லை. பள்ளிப் படிப்பின் கடைசி ஆண்டுக்கு 1960இல் செயின்ட் லூயி நகருக்குப் போனார். பின்னர் உதவித்தொகை பெற்றுக் கலிபோர்னியாவில் பல்கலைக்கழகப் படிப்பு. 1963இல், நாடுகளுக்கிடையே நடக்கும் டேவிஸ் கோப்பைப் பந்தயத்துக்கு அமெரிக்க அணியில் தேர்வான முதல் கறுப்பர் ஆனார்.

கோப்பையும் சங்கமும்

1968ஆம் ஆண்டு, தொழில்முறை ஆட்டக்காரரும் மற்றவரும் கலந்து ஆடிய முதல் அமெரிக்க ஓப்பன் பந்தயம். அதில் வென்றவர் ஆர்தர் ஆஷ். அப்போது அவர் படையிலே லெப்டினன்ட். பரிசுப் பணம் வாங்கும் தொழில்முறை ஆட்டக்காரர் அல்லர். எனவே 14,000 டாலர் பரிசு, தோற்ற டச்சு வீரர் டாம் ஆக்கருக்குப் போயிற்று. வென்றவருக்குக் கிடைத்தது நாளொன்றுக்கு 20 டாலர் படி! மறு ஆண்டில்தான் அவர் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். 1970இல் ஆஸ்திரேலியப் பட்டத்தையும் வென்றார்.

ஆட்டக்காரரும் உழைப்பாளியே என்பதை உணர்ந்தவர் அவர். 1972இல் ஆட்டக்காரர்கள் சங்கம் கண்டபோது முன்னின்றவர்களில் ஒருவர். 1974இல் அதன் தலைவரானார். 1973இல் யூகோசுலாவிய வீரர் நிக்கோலா பிலிச் மீது அவர் நாட்டு டென்னிஸ் அமைப்பு தடை விதித்தது. அவருக்காகச் சங்கத்தார் சுமார் 80 பேர் விம்பிள்டனையே புறக்கணித்தனர். உலகத்தின் மிகப் பெரிய பட்டத்தை, சக ஆட்டக்காரன் ஒருவனுக்காக உதறிய அந்தக் கூட்டத்திலே ஆர்தரும் ஒருவர். வேலைநிறுத்தம் என்றால் என்ன என்பது தெரிந்த நம் தோழர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இரண்டாண்டு கழித்து, 1975 ஜூலை 5ஆம் நாள், அதே விம்பிள்டனில் இறுதி ஆட்டம். எதிரே நின்றவர் முந்தைய ஆண்டு வென்ற ஜிம்மி கானர்ஸ், வயது 22, சங்கத்தில் சேராதவர், ஆர்தர்மீது வழக்கும் தொடுத்திருந்தவர். ஆர்தருக்கோ 32 ஆகப்போகிறது. ஆர்தர் நொறுங்கிப்போவார் என்றே பலரும் எதிர்பார்த்தனர். ஆனால் அவர் பலத்தைப் பலத்தால் எதிர்க்கவில்லை. பந்தை மென்மையாகத் தட்டினார், அகலத்தில் இழுத்தார், தலைக்கு மேலே தூக்கிப் போட்டார். வேகத்தை வாங்கி வேகமாகத் திருப்புவதில் வல்லவரான கானர்ஸ், வேகமே வராமல் தடுமாறினார். 6-1, 6-1, 5-7, 6-4. விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் கறுப்பின ஆண்மகன் ஆர்தர் ஆஷ்!

தென்னாப்பிரிக்க வெள்ளையர் ஆட்சி அவருக்கு நுழைவு அனுமதியை மறுத்து மறுத்து, 1973இல்தான் தந்தது. பார்வையாளரை நிறவாரியாகப் பிரித்து உட்காரவைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டே அவர் போனார். போனதே தவறு என்று கறுப்பினப் போராளிகள் பலர் கடிந்தனர். அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு என்றே நாமும் சொல்வோம். மறு ஆண்டு, 1974இல், இந்திய அணி டேவிஸ் கோப்பை இறுதிக்கு வந்தது. சென்னையின் அமிர்தராஜ் சகோதரர்கள் ஆடிய அணி அது. எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறிக்கு எதிராக இந்தியா ஆட மறுத்தது. கோப்பை தென்னாப்பிரிக்காவுக்கே போயிற்று. கோப்பை போனாலும் மானம் நின்றது. ஆர்தரும் பின்னாளில் புறக்கணிப்பின் பக்கமே வந்தார். 1985 ஜனவரியில் வாஷிங்டனில் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன்னே மறியல் செய்து கைதானார். தவறென்று கண்டதைத் திருத்திக்கொள்வதும் வீரமே.

குதிகால், இதயம், குருதி

1977 பிப்ரவரியில் இடது குதிகாலில் அறுவை. பத்து நாள் கழித்து, காலிலே மாவுக்கட்டோடு மணமேடை ஏறினார். மணமகள் ஜீன் முத்துசாமி, புகைப்படக் கலைஞர். பெயரைக் கவனியுங்கள், தோழர்களே! அவர் தந்தையின் குடும்பம், பிரெஞ்சுக்காரர் ஆண்ட குவாதலூப் தீவு வழியாக வந்த இந்திய வழியினர். 1854 முதல் புதுவையிலும் காரைக்காலிலும் கப்பலேறிக் கரும்புத் தோட்டக் கூலிகளாக அத்தீவுக்குப் போனவர்களில் தமிழர் பலர். அவர்களோடு போன பெயர்களில் ஒன்று, உலக வீரன் ஒருவனின் வீட்டுப் பெயராகவும் ஆயிற்று.

குதிகால் காயத்தால் ஓராண்டின் பெரும்பகுதி வீண். உலக வரிசையில் 200க்குக் கீழே சரிந்தார். இனி இவர் கதை முடிந்தது என்று எழுதினர். 1978இல் மீண்டும் மட்டை பிடித்தார். 1979 ஜனவரியில் நியூயார்க்கில், உலகின் முன்னணி வீரர்கள் மட்டுமே ஆடும் பந்தயத்தின் இறுதிக்கு வந்து, 19 வயது ஜான் மெக்கன்ரோவை எதிர்த்து நின்றார். ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி என்ற நிலை இருமுறை வந்தும் கைநழுவி, தோற்றார். தோல்விதான், ஆனால் படுத்தவன் எழுந்துவிட்டான் என்பதை உலகம் கண்டது.

அதே ஆண்டு ஜூலை 31இல் மாரடைப்பு. வயது 36. டிசம்பரில், இதயத்துக்குக் குருதி செல்ல நான்கு மாற்று வழி அமைக்கும் அறுவை நடந்தது. தேறி, மீண்டும் ஆடலாம் என்று நம்பினார். 1980இல் கெய்ரோ நகரில் ஓட்டப் பயிற்சி செய்கையில் மார்பிலே மறுபடி வலி. அந்த ஏப்ரலில் ஆட்டத்தை விட்டார். விட்டதோடு ஓய்ந்தாரா? டேவிஸ் கோப்பை அணிக்குத் தலைமை ஏற்று, 1981, 1982 ஆகிய இரண்டாண்டும் கோப்பையை வென்று தந்தார். தம் இனத்து விளையாட்டு வீரர்களின் வரலாற்றை ஆராய்ந்து, 1988இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்.

1983இல் இதயத்தில் இரண்டாவது அறுவை. அப்போது ஏற்றிய குருதியிலேதான் வினை இருந்தது. கொடையாகப் பெறும் குருதியில் எச்.ஐ.வி. உண்டா என்று சோதிக்கும் வழி 1985இல்தான் வந்தது. 1988இல் வலது கை மரத்துப்போயிற்று. மூளையில் அறுவை நடந்தது. எய்ட்ஸ் என்று தெரிந்தது.

மனைவியும் நெருங்கிய சிலருமாக அதை மூன்றாண்டுக்கு மேல் காத்தனர். ஏன் மறைக்க வேண்டும்? குற்றம் செய்தவரா? அல்ல. நோயைக் குற்றமாகப் பார்க்கும் உலகம், தம் சின்னஞ்சிறு மகளைச் சுடுமே என்ற அச்சம். 1992இல் செய்தித்தாள் ஒன்று துருவத் தொடங்கியது. ஏப்ரல் 8ஆம் நாள் அவரே செய்தியாளர்களைக் கூட்டிச் சொன்னார். மகளைப் பற்றிய இடம் வந்தபோது குரல் அடைத்தது. எழுதிவைத்ததை மனைவி எடுத்துப் படித்தார். உலகத்தின் முன்னே கண்ணீர் விட நேர்ந்தது, நோயாளிக்கு நாம் எல்லோரும் சேர்ந்து செய்த கொடுமை.

கடைசிப் பத்து மாதம்

அதன் பின் அவருக்கு எஞ்சியது பத்து மாதமே. மூலையில் முடங்கிக் கிடக்கவில்லை அவர். எய்ட்ஸை எதிர்க்க ஓர் அறக்கட்டளை அமைத்தார். செப்டம்பரில், ஹெய்தி நாட்டுக் கறுப்பின அகதிகளை அமெரிக்க அரசு திருப்பி அனுப்புவதைக் கண்டித்து, வெள்ளை மாளிகை முன் மறியல் செய்து கைதானார். மறுநாள் மீண்டும் மாரடைப்பு. டிசம்பர் 1ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபையிலே பேசினார். எய்ட்ஸைவிடக் கறுப்பனாகப் பிறந்த சுமையே தமக்குப் பெரிதாயிருந்தது என்று அவர் கருதினார். எண்ணிப் பாருங்கள்: உயிரைக் குடிக்கும் நோயைவிட, ஒதுக்கும் மனிதனே கொடியவனாகத் தெரிந்திருக்கிறான்!

1993 பிப்ரவரி 6ஆம் நாள் ஆர்தர் ஆஷ் மறைந்தார். வயது 49. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து அந்நோயை அடக்கிவைக்கும் சிகிச்சை வந்தது 1996இல். அதே 1996இல், ரிச்மண்டில் அடிமை முறைக்காக வாளேந்திய தளபதிகளின் சிலைகள் நின்ற அவென்யூவிலே, எதிர்ப்பையும் மீறி அவர் சிலை எழுந்தது. ஒரு கையில் மட்டை, மறு கையில் புத்தகம். மட்டையைவிட உயரமாகப் புத்தகம். 2021க்குள் அங்கிருந்த தளபதிகளின் சிலைகள் அகற்றப்பட்டன. திடலுக்குள் விடமாட்டோம் என்று சொன்ன ஊரிலே, காவலாளியின் மகன் மட்டும் நிற்கிறார்.

இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது 1986இல் முதன்முதல் தெரிந்தது நம் சென்னையிலேதான். கண்டறிந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மருத்துவர் சுனிதி சாலமன். 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசமாகக் கிடைத்து வருகிறது. இந்நோயாளரை ஒதுக்குவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. குவளையால் எச்.ஐ.வி. பரவாது, தொட்டாலும் பரவாது, பக்கத்தில் உட்கார்ந்தாலும் பரவாது. பரவுவது பயமும் பழிச்சொல்லுமே.

தேநீர்க்கடைத் தோழருக்கு என்ன நோய் என்று நாம் கேட்கவில்லை. கேட்க நமக்கு உரிமையும் இல்லை. அடுத்த முறை ரஞ்சன்குடிப் பக்கம் போகையில் அதே கடையில் இறங்குவோம். அவரை நடுவிலே உட்காரவைத்து, அவர் கைக்கும் நம் கைக்கும் ஒரே மாதிரிக் குவளை வரும்வரை எழமாட்டோம். ஊர்தோறும் இருக்கும் தோழர்களே, உங்கள் ஊர்க் கடையிலே யார் பெஞ்சியின் கோடியில் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். பக்கத்திலே போய் உட்காருங்கள்.